கமெண்ட் போட்டவங்க சம்மதம் கொடுத்தாங்களா?

தோழர்களே, குடிதண்ணீர் பிரச்சினை பத்தி மக்கள் என்ன பேசுறாங்கன்னு பார்க்க, போன வாரம் நம்ம பசங்க ஃபேஸ்புக் கமெண்ட்டுகளைத் திரட்டி எக்செல்ல போட்டாங்க. நல்ல வேலை. ஆனா திறந்து பார்த்தா பேர், புரொஃபைல் லிங்க், சில பேரோட செல் நம்பர்கூட இருக்கு. அது வாட்ஸ்அப் குரூப்ல வேற சுத்துது!

"எல்லாம் பப்ளிக்தானே ப்ரோ"ன்னு கேட்பீங்க. ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விலக்கு தருது, உண்மைதான். ஆனா தண்ணி வரலைன்னு புலம்பின அக்கா, கட்சி லிஸ்ட்ல தன் பேர் ஏறட்டும்னு நினைச்சா எழுதினாங்க?

கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா ஞாபகம் இருக்கா? இந்தியாவுல அந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணது வெறும் 335 பேர். அவங்க நண்பர்களையும் சேர்த்து 5,62,455 பேரோட தகவல் போயிருக்கலாம்னு 2018-ல் ஃபேஸ்புக்கே சொன்னது. அந்த நண்பர்கள்கிட்ட யாரும் கேட்கவே இல்லை. அன்னைக்கு கொதிச்சதுல நாமளும் உண்டு.

நமக்கு வேண்டியது எந்த வார்டுல என்ன குறைங்கிறது மட்டும்தான். பேர், லிங்க், நம்பர் மூணையும் அழிச்சிடுங்க. யாரோட கமெண்ட்டையாவது அப்படியே போஸ்டர்ல போடணும்னா முதல்ல இன்பாக்ஸ்ல கேளுங்க. பேரை மறைச்சாலும் அந்த வரியைத் தேடினா ஆள் கிடைச்சிடும்.

பழைய ஷீட்டை என் போன்ல அழிச்சிட்டேன். உங்க போன்ல இருக்கிறதை நீங்கதான் அழிக்கணும்.