பாட்டியின் தாயார் பெயர் என்ன?

“உன் பாட்டியின் தாயார் பெயர் என்ன?” என்று ஒருவர் திடீரெனக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்? தாத்தாவின் தந்தை பெயர் தெரிந்திருக்கும். நிலப் பத்திரத்தில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். பாட்டியின் தாயாரை மட்டும் ‘பெரிய ஆத்தா’ என்றோ, ‘ஊர்க்காரப் பாட்டி’ என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவரும் ஒரு நாள் ஞானஸ்நானத் தொட்டியருகே பெயர் சூட்டப்பெற்ற குழந்தைதானே!

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்கிப்பரீன் என்னும் சிற்றூருக்கு ஒருமுறை போய்வருவோம். அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. கத்தோலிக்கர் பள்ளி நடத்தக்கூடாது என்று சட்டம் தடுத்திருந்த காலத்தில், கார்க் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு மறைவாகப் பள்ளிகள் நடத்தியவர் நானோ நேகிள் அம்மையார். 1775-இல் அவர் தொடங்கிய துறவற சபையே பின்னர் பிரசன்டேஷன் சபை எனப் பெயர் பெற்றது. அச்சபைக் கன்னியர் 1842-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து பெண் கல்விக்கு உழைத்தனர். அந்த அம்மையார் பிறந்த கார்க் மாவட்டத்தில்தான் ஸ்கிப்பரீனும் இருக்கிறது.

இச்சிற்றூரைத் தேடி அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இன்றும் மக்கள் வருகிறார்கள். “எங்கள் கொள்ளுத் தாத்தா இந்த ஊரிலிருந்து போனாராம்” என்பதைத் தவிர அவர்களில் பலருக்கு வேறொன்றும் தெரியாது. அவர்கள் முன்னோர் ஏன் போனார்கள்? 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழைகளின் ஒரே உணவு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு பஞ்சம் முற்றியது. 1841-இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1851-இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்துவிட்டது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மிகக் கொடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று ஸ்கிப்பரீன். ஊருக்கு வெளியே, ஐலன் ஆற்றங்கரையிலுள்ள ஏபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்தில், பஞ்சத்தில் மாண்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை பெருங்குழிகளில் புதைக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. கல்லில் பெயரும் இல்லை.

மாண்டவர் பெயர்தான் இல்லை, வாழ்ந்தவர் பெயராவது ஏட்டில் இருக்குமா என்று தேடினால், அங்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. 1922 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. ஏழு நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த ஏடுகள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கேடுகள், ஒரு சில நீங்கலாக, அத்தீயில் போயின. அதற்குப் பின் எடுத்த நான்கு கணக்கேடுகளையோ அரசாங்கமே அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தது! ஆகவே நாடு முழுமைக்கும் எஞ்சியிருக்கும் பழைய கணக்கேடுகள் 1901, 1911 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு உரியவையே.

தலைநகரின் பெரிய ஏடுகள் எரிந்த பிறகு, ஒரு சிற்றூரின் வரலாற்றைக் காப்பாற்றியவை எவை? இதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நிலவரிக்காக 1847 முதல் 1864 வரை தயாரித்த கிரிஃபித் மதிப்பீடு என்னும் பட்டியல். எந்தக் குக்கிராமத்தில் யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பதை அது சொல்கிறது. ஆனால் அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. ஒரு பெண்ணின் பெயர் அதில் ஏற வேண்டுமானால், பெரும்பாலும் அவள் கைம்பெண்ணாகியிருக்க வேண்டும்! கணவன் உயிரோடிருக்கும் வரையில் அரசாங்கத்தின் கண்ணுக்கு அவள் தெரியவில்லை.

மற்றொன்று, பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. இதிலோ குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் ஆகியவற்றோடு, தாயின் பெயரும் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். மண்குடிசையில் வாழ்ந்த, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு தாயின் சொந்தப் பெயர், அவள் பெற்ற பிள்ளைகளின் ஞானஸ்நான வரிகளில் அழியாமல் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று அவள் வழிவந்தோர் அவள் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பதிவேட்டின் ஓரத்திலும் செய்தி உண்டு. 1908 முதல், ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே அமெரிக்காவுக்குப் போன பெண்ணின் திருமணச் செய்தி, கடல் கடந்து திரும்பி வந்து அவள் ஊர் ஏட்டின் ஓரத்தில் அமர்ந்துகொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் பழைய ஏடுகளை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015-இல் எவரும் கட்டணமின்றிக் காணும்படி இணையத்தில் வைத்துவிட்டது.

1911-ஆம் ஆண்டுக் கணக்கேடும் ஒரு விதத்தில் பெண்களின் ஏடே. அதில் மணமான பெண்களைப் பற்றி ஒரு தனிக் கேள்வி: மணமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? இப்போது இருப்பவர்கள் எத்தனை? பத்து என்று ஒரு கட்டத்திலும், ஆறு என்று அடுத்த கட்டத்திலும் எழுதியிருந்தால், அந்த இரு எண்களுக்கும் நடுவே ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறதன்றோ?

மூன்றாவது, நம்மைப் போன்ற மாணவ மாணவியர் செய்த பணி. 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் வேண்டுகோளின்படி, சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 50,000 பேர், தம் வீட்டு முதியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஊரின் பழங்கதை, வைத்தியம், கிணறு, பாழடைந்த கோயில், பஞ்ச காலத்து நினைவு எதையும் அவர்கள் விடவில்லை. பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் வீட்டுப்பாடமாக எழுதிய அந்தக் குறிப்பேடுகள் இன்று அந்நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. அறிஞர்கள் அவற்றைப் புரட்டிப் படிக்கிறார்கள்! அந்தச் சிறுவர் சிறுமியர் அன்று கேட்காதிருந்தால், அந்தப் பாட்டிமாரோடு அவ்வளவும் மண்ணுக்குள் போயிருக்கும்.

“ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கலாகாது” என்பார்கள் நம் பெரியோர். குலம் கோத்திரம் தேடுவது வீண் பெருமையை வளர்க்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்கள் அச்சம் நியாயமானதே. அரச பரம்பரை என்று காட்டிக்கொள்ளவும், அடுத்தவரைத் தாழ்த்தவும் வேர்களைத் தேடுவதானால், அத்தேடலை விட்டுவிடுவதே நல்லது. ஆனால் ஸ்கிப்பரீன் போன்ற ஊரில் நேர்மையாகத் தேடுகிறவருக்குக் கிடைப்பது மகுடமன்று. அநாதையர் விடுதியில் பிறந்த பாட்டி கிடைக்கலாம். ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்ற குறிப்புக் கிடைக்கலாம். கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் கீறல் கிடைக்கலாம். இவை பெருமையை அல்ல, பணிவையே வளர்க்கும் என்பது நம் கருத்து.

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நீண்ட பெயர்ப் பட்டியல் என்று சலிப்போடு கேட்டும் இருக்கிறோம். தந்தை, மகன், தந்தை, மகன் என்று செல்லும் அப்பட்டியலில் மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள். தாமார், ராகாபு, ரூத்து என்று மூவருக்குப் பெயர் உண்டு. நான்காமவர் ‘உரியாவின் மனைவி’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். ஆண்டவருடைய வம்ச வரலாறே அந்நியப் பெண்களையும் அல்லற்பட்ட பெண்களையும் மறைக்கவில்லையென்றால், நம் வீட்டு வரலாற்றில் யாரை மறைக்க வேண்டும்?

ஐரிஷ் மக்களின் பெயர்களில் ஓ’டோனவன், ஓ’சலிவன் என்று வருகிறதே, அந்த ‘ஓ’ என்பதற்குப் பேரன், வழித்தோன்றல் என்று பொருள். நம் தமிழிலோ பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பேரன், பேத்தி என்று மருவின. மூதாதையரின் பெயரைத் தாங்குபவள் என்பதால் பெயர்த்தி. பெயரைத் தாங்க வேண்டியவளுக்குப் பெயரே தெரியாமற் போகலாமா?

ஆகவே தோழியரே, வரும் விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். பாட்டியின் அருகில் உட்கார்ந்து, அவர் தாயாரின் பெயரையும், பிறந்த ஊரையும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலையும் கேட்போம். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், எந்தப் புயலுக்கு முன், எந்தத் திருவிழாவுக்குப் பின் என்று கேட்டு எழுதுவோம். பெற்ற பிள்ளைகளையும், பிழைத்த பிள்ளைகளையும் தவறாமல் கேட்போம். சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் அடியில் குறிப்போம். பிறகு பங்குத் தந்தையிடம் வணக்கத்துடன் அனுமதி கேட்டு, ஏட்டில் அந்த வரியைத் தேடுவோம்.

பெரிய ஏடுகள் எரியக்கூடும். கல்லறைக் கற்கள் தேயக்கூடும். ஒரு மாணவியின் நோட்டு நிலைத்து நிற்கும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுவோம்!