அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் டோம்பிவிலியில் இருக்கும் தமிழர் மாதுங்காவுக்குப் புறப்படுகிறார். கோவிலுக்குப் போகிறேன், காய்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்கிறார். உண்மையான காரணம் வேறு. ஆறு நாள் இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்த நாக்கு, நாலு பேரோடு தமிழ் பேசத் துடிக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இந்தப் பசி என்ன என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதே பசி நம்மிடையே வாழும் இன்னொரு சாராருக்கும் உண்டு. காது கேளாதவர்களைத்தான் சொல்கிறோம். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நாட்டில் இவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். இவர்களில் பலருக்குச் சைகையே மொழி. அது வெறும் கையாட்டல் அல்ல. இலக்கணம் உள்ள முழு மொழி. நமக்காவது வீட்டுக்குத் திரும்பினால் தமிழ் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வீட்டிலேயே தம் மொழியில் பேச ஆள் இல்லை.

ஆகவே அவர்கள் தங்களுக்கென ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மும்பை மின்சார ரயிலில் உடல் ஊனமுற்றோருக்கான பெட்டிதான் அது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் அனலீஸ் குஸ்டர்ஸ் 2009-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவரும் காது கேளாதவரே. வேலை முடிந்து திரும்பும் காது கேளாதவர்கள் இந்தப் பெட்டிகளில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். வேலை நிலவரம், கலியாணச் செய்தி, கிரிக்கெட் என்று எல்லாம் பேசுகிறார்கள். பேச்சு முடியாவிட்டால் தம் நிலையம் வந்தும் இறங்காமல் போகிறவர்கள் உண்டு. பிளாட்பாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்று பேசுகிறவர்களும் உண்டு. கைகள் தெரிய வெளிச்சம் இருந்தால் போதும். ரயிலின் இரைச்சல் அவர்கள் பேச்சைத் தடுப்பதில்லை. நமக்குத் தண்டனையாகத் தோன்றும் பயணம் அவர்களுக்கு ஊர்த் திண்ணையாகிறது.

இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால், வெளியே போக வழியில்லாதவர்களின் நிலை என்ன? நம் சால் வீடுகளிலும் குடியிருப்புகளிலும் பார்க்கலாம். குடும்பமே டெலிவிஷன் முன் உட்கார்ந்து சிரிக்கிறது. காது கேளாத பிள்ளை ‘என்ன?’ என்று முகத்தைப் பார்க்கிறது. ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்று கை காட்டுகிறோம். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சோற்றிலோ துணியிலோ குறை வைத்திருக்க மாட்டோம். பேச்சில் மட்டும் பட்டினி போடுகிறோம்.

பெண் பிள்ளையானால் கதவுக்கு வெளியே அனுப்பவே பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பரிகாரம் கதவைச் சாத்துவது அல்ல; கூடவே போய், அவளைப் போன்ற தோழிகளிடம் சேர்ப்பதே. காது கேளாத பிள்ளை எதுவரை போகலாம் என்பதற்கு மதுரைப் பெண் ஜெர்லின் அனிகாவே சாட்சி. 2022 மே மாதம் பிரேசில் நாட்டில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் அவர் பாட்மின்டனில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். விளையாட வெளியே விட்டதால் அல்லவா அது நடந்தது!

அரசுக்கும் கடமை உண்டு. 1987-ல் தூர்தர்ஷன் ஞாயிறுதோறும் காது கேளாதோருக்கெனச் செய்தி தொடங்கியது. ஆனால் செய்தி மட்டும் பொழுதுபோக்கு ஆகுமா? சினிமாப் படங்களில் இவர்கள் புரிந்துகொள்ளும்படி எழுத்து வரிகளோ சைகை மொழியோ இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு வழிமுறைகள் வெளியிட்டது. அவை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. திரையரங்குகள் தாமாகவே முன்வர வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. மேடையில் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்ல ஒருவரை நிறுத்தினால் என்ன? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கத்தின் அறையை இவர்கள் கூடிப் பேசவும் கேரம், சதுரங்கம் ஆடவும் திறந்துவிட்டால் என்ன? செலவு, ஒரு விளக்கும் சில நாற்காலிகளும்தான்.

அதற்கும் முன்னால், வீட்டில் ஒரு காரியம் செய்யலாம். 2015-ல் டில்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. கைபேசியிலேயே பார்க்கலாம். பிழைப்புக்காக இந்தி கற்றோம், மராத்தி கற்றோம். பெற்ற பிள்ளையோடும் உடன்பிறந்தவனோடும் பேச நாளுக்கு இரண்டு சைகை கற்கக் கூடாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குப் புறப்படுமுன், வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை ஒரு முறை பாருங்கள். அதற்கும் பேச ஆசை இருக்கிறது.