பழைய தாளுக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

வீட்டுமனை வாங்குவோர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. வங்கியும் அவற்றைக் காணாமல் கடன் வழங்குவதில்லை. ஆனால் பழைய நாணயம், அஞ்சல்தலை, வீரர் கையொப்பமிட்ட மட்டை என்று வந்துவிட்டால், இந்த எச்சரிக்கை பலரிடம் மறைந்துவிடுகிறது. சேகரிப்பை முதலீடாகவும் கருதுவோர், அமெரிக்காவின் பேஸ்பால் ஆவணச் சந்தை கற்ற பாடங்களை அறிந்துகொள்வது நலம்.

தளங்களுக்கு இடையே 90 அடி, அணிக்கு 9 ஆட்டக்காரர்கள், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்று வரையறுத்த 1857ஆம் ஆண்டு விதிகளின் கையெழுத்துத் தாள்கள், 2016இல் ஏலத்தில் ஏறத்தாழ 32.6 லட்சம் டாலருக்கு விலைபோயின. அதே தாள்கள் 1999இல் விற்றதோ 13,000 டாலருக்கும் குறைவாகவே. இடைப்பட்ட காலத்தில் தாளும் மாறவில்லை, மையும் மாறவில்லை. டேனியல் ஆடம்ஸ் என்னும் மருத்துவருக்கு அவ்விதிகளில் இருந்த பங்கு ஆய்வால் தெளிவாயிற்று. தாளின் வரலாறு துலங்கியதும் அதன் மதிப்பும் உயர்ந்தது.

வரலாறு மதிப்பை உயர்த்துவது போலவே வீழ்த்தவும் செய்யும். 1869இல், ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாக ஊதியம் வழங்கிய முதல் பேஸ்பால் அணியாகச் சின்சினாட்டி அணி களமிறங்கியது. அதன் தலைவர் ஹாரி ரைட், இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட்டும் ஆடியவர். அவருடைய கடிதத் தொகுதிகள், ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் சேகரிப்போடு 1921இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடையாக வந்தன. பிற்காலக் கணக்கெடுப்பில் அச்சேகரிப்பின் பல ஆவணங்கள் காணப்படவில்லை. 2009இல் ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் ஏலத்துக்கு வந்தபோது, அவை நூலகத்திலிருந்து களவு போனவையோ என அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையில் இறங்கியது. களவுப் பொருளை அறியாமல் வாங்கியவர் பணத்தையும் இழக்கலாம், பொருளையும் இழக்கலாம்.

தரச்சான்று இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் படம் பொறித்த, 1909ஆம் ஆண்டு வாக்கில் சிகரெட் பெட்டிகளில் வெளிவந்த அட்டை ஒன்று, உயர்ந்த தரச்சான்று பெற்று 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, முன்னர் அதை விற்ற ஏல நிறுவன உரிமையாளர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சான்றளித்தவர் கண்ணுக்கும் தப்பியது அக்குறை.

சேகரிப்பு ஆர்வத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சேகரிப்போர் இல்லையேல் பழைய தாள்கள் பல குப்பையோடு போயிருக்கும். ஆயினும் பொது நூலகத்திலிருந்து போன கடிதம் தனியார் பெட்டியில் உறங்கினால், இழப்பு நூலகத்துக்கு மட்டுமன்று. வரலாற்றை அறிய விழையும் அனைவருக்கும் உரியது.

ஆகவே, அரும்பொருள் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்துச் சான்று உண்டா? பொது நிறுவனத்தின் முத்திரையோ, அதை அழித்த தடமோ தென்படுகிறதா? வாங்கிய ரசீதையும் பொருளோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளுக்கு அதுவே தாய்ப்பத்திரம். கடன் வாங்கியோ, அவசரத் தேவைக்கான சேமிப்பை எடுத்தோ இவற்றை வாங்க வேண்டா. விற்பவர் விடை கூறத் தயங்கினால், பொருள் எத்துணை அரிதாயினும் விட்டு விலகுவதே அறிவுடைமை.