மாமாவின் இடுப்பில் மணவாளக்குறிச்சி

போன மாசம் மணவாளக்குறிச்சி மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு போய்விட்டது. டாக்டர் டைட்டானியத்தில் மாற்று மூட்டு வைக்கலாம் என்று ஒரு தொகை சொன்னார். மாமாவுக்கு விழுந்த வலியைவிட அதுதான் வலித்தது.

"இரும்பு போராதா மருமவனே?"

போராது சார். எலும்பைவிட எஃகு பல மடங்கு விறைப்பு. பாரத்தையெல்லாம் தானே தாங்கும். வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும். (எல்லா ஃபைலையும் ஹெட்கிளார்க்கே பார்க்கும் ஆபீஸில் நம் மூளைக்கு நேர்வது போல.) டைட்டானியத்துக்கு விறைப்பும் பாதி, எடையும் கிட்டத்தட்ட பாதி. உப்புத் தண்ணீரிலோ ரத்தத்திலோ துருப்பிடிக்காது. எலும்பே அதோடு ஒட்டி வளரும். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்த்தால் இன்னும் பலம். இதே கலவைதான் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் எரிபொருள் டாங்க்.

"இதெல்லாம் எங்கேருந்து வருகு?"

சிரிக்காமல் சொன்னேன்: "உங்க கடப்பொறத்து கறுப்பு மண்ணுலேருந்து."

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். நாம் உதறிவிட்ட மண்! அதோடு கிடக்கும் கறுப்புதான் இல்மனைட்; டைட்டானியத்தின் தாது. ஊரில் ஐ.ஆர்.இ. ஆலை பிரித்தெடுப்பது அதைத்தான். உலகத்தில் எடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பங்கு வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிறது. உலோகமாவது கொஞ்சம்தான்.

காரணம், அதன் குணம். ஆக்ஸிஜனை லேசில் விடாது. தாதுவைக் கரியோடு சேர்த்துக் குளோரினில் சூடாக்கி, வரும் திரவத்தை மக்னீசியத்தோடு மோதவிட்டால் ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி வரும். பெயர் ஸ்பாஞ்ச். கேரளத்தில் சவறாவில் 2011-ல் தொடங்கிய ஆலையில் வருஷத்துக்கு 500 டன் செய்யலாம். அதைக் காற்றில்லாத உலையில் 1668 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். ஐதராபாத் மிதானியில் அந்த வேலை நடக்கிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

மாமா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"மண்ணு நம்மூரு. உருக்கதுக்கு ஐதராபாத்து. வெல சொல்லுகது டாக்டரு. நமக்கு என்னவே மிச்சம்?"

"இடுப்பு மாமா."

"ம்... பேனாவத் தா."

அத்தை வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை.