சிவராத்திரிக் காலையில் ஒரு பந்தயம்

ஒஸ்கார் பரிசளிப்பு நெருங்கும் காலமாயின், "இவ்வருடம் எந்தப் படத்துக்குக் கிடைக்கும்?" என்று மாணவ அன்பர்கள் நம்மைக் கேட்பது வழக்கம். சினிமாவைப் பற்றி இரண்டொரு வரி எழுதிவிட்டவனுக்கு முக்காலமும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம் போலும்! ஊகம் சொல்வதில் நாம் அடைந்த புகழ் எத்தகையது என்பதை அறிந்தால் அவர்கள் அந்த வினாவை விடுக்கவே மாட்டார்கள். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி திருகோணமலையில் நிகழ்ந்ததை இங்கே சொல்லிவிடுகின்றோம். அதன் பின்னரும் கேட்பவர் கேட்கட்டும்.

அன்று திங்கட்கிழமை. மகா சிவராத்திரி ஆதலால் விடுமுறை. உட்துறைமுகத்தை அண்டிய வீதியொன்றில் உள்ள நம் தமக்கையாரின் இல்லத்தில் நாம் தங்கியிருந்தோம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் விழா நமக்குத் திங்கள் காலை ஏழு மணிக்குத் தெரியும். பெரியவர்கள் உபவாசம், பிள்ளைகளுக்கு மட்டும் இடியப்பம். உயர்தர வகுப்பிலே கணிதம் பயின்றுகொண்டிருந்த மருமகள் கொப்பித் தாள்களைக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். பத்துப் பரிசுகளுக்கு முன்கூட்டியே பெயர் எழுத வேண்டும். குறைந்த புள்ளி பெறுபவர் இரவு கோணேசர் கோயிலுக்குப் போகையில் எல்லோருடைய பூசைத் தட்டங்களையும் தாமே சுமக்க வேண்டும். இதுவே பந்தயம்.

நம் தமக்கையாரின் கணவர், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர், தமது தாளில் ஒரே வரி எழுதினார்: "பத்து மணிக்கு முன் முடியாது." இது ஊகம் ஆகாது என்று தள்ளப்பட்டது. ஆனால் அன்று முற்றாகப் பலித்தது அவருடைய வாக்கு ஒன்றே!

அவ்வாண்டு யாவரும் பேசிய படம் பம்பாய்ச் சேரிச் சிறுவனின் கதையான 'ஸ்லம்டோக் மில்லியனெயர்'. அது பத்து நியமனங்களைப் பெற்றிருந்தது. "பத்தும் கிடைக்கும்!" என்று குதித்தான் ஒன்பதாம் வகுப்பு மருமகன். "கிடைக்கவே முடியாது" என்றாள் தமக்கை. சிறந்த பாடலுக்கு அந்த ஒரே படத்திலிருந்து இரண்டு பாடல்கள் நியமனம் பெற்றிருந்தன, பரிசோ ஒன்று. ஆகவே எவ்வளவு வென்றாலும் ஒன்பதுதான். மேலும், அவ்வருடம் பாடல் பிரிவில் இருந்தவை மூன்றே: ரஹ்மானின் 'ஜெய் ஹோ', ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து ஆக்கிய 'ஓ சாயா', 'வோல்-ஈ' என்ற சித்திரப் படத்தின் பாடல். மூன்றில் இரண்டு ரஹ்மானுடையவை என்றபடியால், வாக்குகள் சிதறி மூன்றாவது பாடல் நடுவே புகுந்தாலன்றி அவர் தோற்க வழியில்லை. இவ்விதம் அப்பெண் விளக்கியபோது, கணிதம் கற்றவரோடு பந்தயம் வைத்தது பிழையோ என்ற ஐயம் நமக்கு முதன்முதலாக எழுந்தது.

நாமோ வேறு விதமாகத் தர்க்கித்தோம். 1983இல் 'காந்தி' திரைப்படம் எட்டுப் பரிசுகளை அள்ளியது. உடையலங்காரத்துக்கான பரிசை ஜோன் மொலோவுடன் பகிர்ந்துகொண்டு பானு அத்தையா ஒஸ்கார் பெற்ற முதல் இந்தியரானார். ஆயினும் அப்படத்துக்கு ஜோர்ஜ் ஃபென்ரனோடு சேர்ந்து இசையமைத்த பண்டிதர் ரவிசங்கருக்குப் பரிசு கிட்டவில்லை. சித்தார் மேதைக்கே கொடாதவர்கள் சென்னை இளைஞருக்கா கொடுக்கப் போகிறார்கள்? அவ்வாண்டு பதின்மூன்று நியமனங்களோடு முன்னின்ற 'பெஞ்சமின் பட்டன்' படத்தையே, சிறந்த படம் முதல் இசை வரை கண்ட இடமெல்லாம் எழுதிவைத்தோம்.

நியமனத்தின் தொகையைப் பார்த்துப் பரிசைச் சொல்வது, வேட்பாளருடைய கொடிகளை எண்ணிப் பார்த்துத் தேர்தல் முடிவைச் சொல்வது போன்றதென்பது நமக்குப் பின்னரே விளங்கியது. நியமிப்பவர்கள் ஒரு சாரார். இறுதியில் வாக்களிப்பவர்கள் வேறொரு சாரார். இசைக்கு இசைவாணர்களும் நடிப்புக்கு நடிகர்களும் என அந்தந்தத் துறையினர் முதலிற் பெயர்களைத் தெரிவு செய்வர். அதன்பின் நடிகர், தயாரிப்பாளர், ஒப்பனையாளர் முதலிய எல்லா உறுப்பினரும் பெரும்பாலான பிரிவுகளுக்கு வாக்களிக்கலாம். ஆதலின் ஊகிக்க முற்படுபவர் படங்களைப் பார்ப்பதைக் காட்டிலும் அவ்வுறுப்பினரின் போக்கைப் பார்க்க வேண்டும். மருமகள் அதைத்தான் செய்திருந்தாள். தயாரிப்பாளர் சங்கமும், இயக்குநர் சங்கமும், நடிகர் சங்கமும் அவ்வாண்டு தத்தம் பரிசுகளைச் சேரிச் சிறுவனின் படத்துக்கே ஏற்கெனவே வழங்கிவிட்டன. அச்சங்கத்தாரிற் பலர் ஒஸ்காரிலும் வாக்குடையவர்கள். ஜனவரியில் கோல்டன் குளோப் பரிசும், பெப்ரவரியில் பிரித்தானியப் பரிசும் இசைக்காக ரஹ்மானுக்குக் கிடைத்திருந்தன. இவ்வளவும் செய்தித்தாளில் வந்தவைதாம். நாம் படியாமலிருந்தது நமது குற்றம்.

நிற்க. தம்பியும் தமக்கையும் பாடல் விஷயத்தில் மட்டும் பிணங்கிக்கொண்டனர். "படம் முடிகிறபோது புகையிரத நிலையத்தில் ஆடிக்கொண்டு பாடும் பாட்டுத்தான் 'ஜெய் ஹோ'. கொட்டகையை விட்டு வெளியே வருகிறவனின் காதில் நிற்பது அதுதான்" என்றாள் அவள். அவன் 'ஓ சாயா' என்றே எழுதினான். காரணம் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்து, "மாயாவுக்குக் கிடைத்தால் எங்களைப் பற்றி ஏதாவது கதைப்பா, மாமா" என்றான்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரால் உலகறிந்த மாயா அருள்பிரகாசம், 1975இல் லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, பின்னர் அகதியாய் லண்டன் மீண்டவர். அந்த ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் வன்னி மக்களின் நிலையை எடுத்துரைத்திருந்தார். அந்நாட்களில் வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. பெப்ரவரி 10ஆம் திகதி தொடக்கம், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவினர் ஏற்பாடு செய்த கப்பல் புதுமாத்தளனிலிருந்து காயமுற்றோரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு நமது திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பந்தயம் நடந்த வீட்டிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம்.

பிள்ளைகள் மாமி என்றழைக்கும் அயல்வீட்டு அம்மையார் ஒருவர் அன்று காலை பூக்கொய்ய வந்தவர், திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார். அவருடைய தங்கையின் குடும்பம் வன்னியில் இருந்தது, வாரக்கணக்காகத் தொடர்பில்லை. கப்பல் வருகின்ற செய்தி கேட்ட நாள் முதலாக, தெரிந்த முகம் ஏதும் தென்படுமோவென்று நாள்தோறும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் வருவார். அவரைக் கண்டதும் அத்தானின் முகம் மாறியது.

"சனம் காயத்தோடை வந்து இறங்குது. இங்கை இருந்து கை தட்டுறதோ? நிறுத்துங்கோ" என்றார்.

எவரும் மறுமொழி சொல்லவில்லை. மருமகன் எழுந்து தொலைக்காட்சியை அணைக்கப் போனான். அப்போது மாமியே, "விடுங்கோ தம்பி, பிள்ளையள் பார்க்கட்டும்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, மருமகளின் பக்கம் திரும்பி, "எங்கடை பிள்ளை ஒண்டும் அதிலை இருக்கெண்டு கதைச்சீங்கள். அந்தப் பாட்டுக்கு என்ன பேர்?" என்று வினவினார். அவள் சொன்னாள். மாமி ஒரு தாளை வாங்கி, மற்ற ஒன்பதையும் விட்டு, 'ஓ சாயா' என்று மட்டும் எழுதி மடித்துக் கொடுத்தார். ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எல்லோரும் பார்த்தோம்.

இடைப்பட்ட பரிசுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மறைந்த ஹீத் லெஜருக்கு ஒரு பரிசு வழங்கப்பட்டபோது அவர் குடும்பத்தார் மேடையேறினர்; அதனை நாம் யாவரும் சரியாகச் சொல்லியிருந்தோம். ஒலித் தொகுப்புப் பரிசு 'த டார்க் நைட்' படத்துக்குப் போயிற்று. ஆகவே ஒன்பது எட்டாயிற்று. அடுத்து வந்த ஒலிக் கலவைப் பரிசையும் மருமகள் அதே படத்துக்கென எழுதியிருந்தாள். அங்கேதான் கணிதம் சறுக்கியது: கேரளத்து ரசூல் பூக்குட்டி இரு துணைவரோடு மேடையேறினார். தம்பி சத்தமின்றித் துள்ளினான். பிறமொழிப் படப் பரிசும் அவளைக் கைவிட்டது. இஸ்ரேலியப் படத்தை எதிர்பார்த்தாள், ஜப்பானியப் படம் வென்றது.

இனி இசை. உறையைப் பிரித்து ரஹ்மானின் பெயரைச் சொன்னபோது, உபவாசத்தாற் களைத்திருந்த தமக்கையாரும் எழுந்து நின்றுவிட்டார். நாம் எழுதிய 'பெஞ்சமின் பட்டன்' பொய்த்ததில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை என்பதை இங்கே பகிரங்கமாக ஒப்புக்கொள்கின்றோம். அவர் ஆங்கிலத்தில் நன்றி கூறிவிட்டு, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் மொழிந்தார். தாழ்த்தியிருந்த ஒலியை யாரோ கூட்டினார்கள். அத்தானாகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில் விசை அவர் கையில் இருந்தது.

பாடல்களை மேடையில் பாடினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் குழந்தை பெற்றிருந்த மாயா பாடவில்லை. 'ஓ சாயா'வையும் ரஹ்மானே பாடினார். அடுத்துப் பாடல் பரிசு 'ஜெய் ஹோ'வுக்கென அறிவிக்கப்பட்டது. இரண்டாம் முறை மேடைக்கு வந்த ரஹ்மான், வாழ்நாள் முழுவதும் வெறுப்பு, அன்பு என்ற இரண்டில் ஒன்றைத் தெரியும் நிலை தமக்கு இருந்ததென்றும், தாம் அன்பைத் தெரிந்ததாகவும் சுருக்கமாகச் சொல்லி இறங்கினார். மருமகன் தாளைப் பார்த்தபடி இருந்தான். ஒரே ஆளின் இரண்டு பாட்டில் ஒன்று வென்றதற்கு மகிழ்வதா வருந்துவதா என்று அவனுக்கு விளங்கவில்லை போலும்.

"மற்றப் பாட்டுக்கு இல்லையோ?" என்று மாமி கேட்டார்.

"ஒண்டுக்குத்தான் மாமி குடுப்பினம்" என்றாள் மருமகள். கணக்கைச் சரியாகச் சொன்னவள் அவளே. ஆயினும் அதைச் சொல்கையில் அவள் குரல் வெற்றி பெற்றவளின் குரலாக இருக்கவில்லை.

மாமி பூக்கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சிறிது நேரத்தில் சேலை மாற்றிக் குடையோடு வழக்கம்போல ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போவதைச் சாளரத்தின் வழியே கண்டோம். விழா பத்தரை மணியளவில் முடிந்தது. சேரிச் சிறுவனின் படத்துக்கு எட்டு. பதின்மூன்று நியமனம் பெற்ற நம் பெஞ்சமின் பட்டனுக்கு மூன்றே, அவையும் நாம் எழுதாத பிரிவுகளில்! மருமகளுக்கு ஏழு, மருமகனுக்கு ஐந்து, நமக்கு மூன்று. தட்டங்கள் யார் தலையில் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்று மாலை ஐந்து தட்டங்களை இரு பிரம்புக் கூடைகளில் அடுக்கிக்கொண்டு பிரெடரிக் கோட்டை வாயிலைக் கடந்தோம். கோட்டைக்குள் திரியும் மான்களில் ஒன்று நம்மைத் தொடர்ந்து வந்து, வில்வத்தில் ஒரு கொத்தை இழுத்துக்கொண்டு போயிற்று. சுவாமிமலையின் உச்சியில் சனக்கூட்டம். கீழே கடல் இருண்டிருந்தது.

அவ்விடத்தில் நின்று மருமகனுக்கு ஒரு கதை சொன்னோம். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயிலின் தூண்களும் கற்களும் இம்மலையடியிற் கடலுக்குள் கிடப்பதை, 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்தனர். அந்தக் கிளார்க்கும் ஒருமுறை ஒஸ்காருக்காகக் காத்திருந்தவர்தாம். ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் திரைக்கதைக்கு நியமனம் பெற்று, 1969 ஏப்ரல் 14ஆம் திகதி மெல் புரூக்ஸிடம் தோற்றார். அவ்வருடம் ஒப்பனைக்கான சிறப்புப் பரிசு வேறொரு குரங்குப் படத்துக்குப் போயிற்று. தமது படத்தில் வந்த குரங்குகள் நடிகர்கள் என்பதே நடுவர்களுக்குத் தெரியாமற் போயிருக்கலாம் என்று கிளார்க் பின்பு வேடிக்கையாகக் குறிப்பிட்டார். மருமகன் அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

மாமியும் வந்திருந்தார். ஆஸ்பத்திரியிற் சேதி ஏதும் கிடைத்ததா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பந்தய விதிப்படி அவருடைய தட்டமும் நம்மிடமே இருந்தது. கூடையைத் தாழ்த்தினோம். தேங்காய், பழம், மான் மிச்சம் வைத்த வில்வம் எல்லாவற்றையும் சரிபார்த்து, "என்ரையை நான் கொண்டு போறன், தம்பி" என்று எடுத்துக்கொண்டு அவர் வரிசையிற் போய் நின்றார்.