கருவி போகாத இடத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள்

தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்தின் பணிப்பாளர் அவர்கட்கு,



வன்னியில் வெடிபொருள் தேடி முடித்து மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்படும் காணிகளைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் காணியில் கருவி போகாத இடம் எது? எத்தனை மிதிவெடி எடுத்தார்கள், எத்தனை ஷெல் எடுத்தார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் வருகிறது. போகாத இடத்தைக் காட்டும் தாள் ஒன்று காணிக்காரர் கையில் இருந்து நான் பார்த்ததில்லை. காணி அளப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. ஓர் எல்லைக்கல் அகப்படாவிட்டால் அதையும் பிளானில் எழுதிவிட்டுத்தான் நாங்கள் கையெழுத்து வைப்போம்.

முகமாலையில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுபவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். அந்த வேலையில் விடுபட்ட நிலம் கண்ணுக்குத் தெரியும்; முன்னால் கிடக்கும் தடி நகர்ந்தால்தான் ஆள் நகரலாம். நான் கேட்பது மற்ற முறையைப் பற்றி. ஆழத்தில் கிடக்கும் ஷெல்லையும் குண்டையும் தேடுவதற்குப் பெரிய சுருள் பொருத்திய மின்காந்தக் கருவியையோ காந்தமானியையோ தூக்கியும் இழுத்தும் காணி முழுக்க வரிவரியாகப் போவது பல நாடுகளில் வழக்கம். ஜி.பி.எஸ். இடத்தைக் குறிக்கும், கருவி அளவைப் பதியும், பிறகு கணினி வரைபடம் போட்டுத் தரும். இங்கே அந்த முறை எங்கெல்லாம் கையாளப்படுகிறதோ, இனிக் கையாளப்படுமோ, அங்கெல்லாம் விடுபட்ட நிலம் கணினிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்தத் தொழிலில் பரவலாகப் பயன்படும் ஈ.எம்.61 கருவியின் சுருள் 1 மீற்றருக்கு அரை மீற்றர். வரிக்கும் வரிக்கும் இடையே அரை மீற்றர், மிஞ்சினால் முக்கால் மீற்றர் விட்டு நடந்தால் சின்னப் பொருளும் ஏதாவது ஒரு வரியில் அகப்படும். முற்றம் கூட்டுகிறவர் விளக்குமாற்றின் ஒரு வீச்சின்மேல் அடுத்ததைக் கொஞ்சம் ஏற்றிக் கூட்டுவது மாதிரி. பற்றையைச் சுற்றி வளைந்துபோன ஆள் பழைய வரிக்குத் திரும்பும்போது ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்தால் நடுவில் ஒரு பட்டை நிலம் பார்க்கப்படாமலே போய்விடும். அந்தப் பட்டைக்குள் படுத்திருக்க ஒரு மோட்டார் ஷெல்லுக்கு இடம் தாராளம். 81 மில்லிமீற்றர் என்பது நம் உள்ளங்கை அகலம்தான்.

அறிக்கையில் இது, பார்த்த நிலம் 98 வீதம் என்று வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். பத்து ஏக்கர் காணியில் மிச்சம் 2 வீதம் எவ்வளவு என்று யாழ்ப்பாணக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: மூன்று பரப்புக்கு மேல். ஒரு வீடு கட்டி, கிணறு வெட்டி, நாலு தென்னையும் வைக்கலாம். அந்த மூன்று பரப்பும் காணி முழுக்க மயிரிழை மயிரிழையாகச் சிதறிக் கிடந்தால் அவ்வளவு பயமில்லை. ஒரே இடத்தில் திரண்டு கிடந்தால் கதை வேறு. வீதத்தை மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வரைபடத்தைப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். அளவெடுத்த புள்ளிகளுக்கு இடையில் இருக்கும் வெறுமையைக் கணினி தானாக நிரப்பி நிறம் பூசிவிடும். எவ்வளவு தூரம் வரை நிரப்பலாம் என்று ஓர் எண்ணை ஆள்தான் கொடுக்கிறார். அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் போதும், இரண்டு மீற்றர் ஓட்டை இருந்த இடமும் பச்சையாகிவிடும். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்கத் தேவையில்லை. அழகான படம் வரவேண்டும் என்ற ஆசையே போதுமானது. பனங்கூடலுக்குள் ஜி.பி.எஸ். தடுமாறும்போதும் இதேதான். ஆள் போன பாதை ஒன்று, வரைபடத்தில் விழும் பாதை வேறு. ஆகவே நிறம் பூசிய படத்தை வைத்து நிலம் பார்த்தாயிற்று என்று முடிவெடுக்க முடியாது. கருவி போன தடத்தை, சுருளின் அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் பட்டையாக வரைந்து பார்க்க வேண்டும். பட்டை விழாத இடம் வெள்ளையாகவே கிடக்கட்டும்.

அந்த வெள்ளை எங்கே திரளும்? கருவியைக் கொண்டுபோக முடியாத இடங்களில். மண்ணணையின் சரிவு, இடிந்த பங்கர், பற்றை, முள்ளுக்கம்பி சுற்றிய வேலியோரம், கிணற்றடி, நந்திக்கடல் ஓரத்துச் சேறு. 2009 போரின்போது புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஆட்கள் ஒதுங்கிய இடங்களும் இவைதாமே? அணைக்குப் பின்னால்தான் ஆள் இருந்தார், பங்கரைக் குறிவைத்துத்தான் ஷெல் வந்தது. கைவிடப்பட்ட வெடிபொருட்களைக் கிணறுகளிலிருந்து எடுத்த செய்திகளும் நமக்குப் புதிதல்ல. கருவி எளிதாக ஓடிய வெட்டையில் 100 வீதமும், கருவி தயங்கிய அணையடியில் பாதியும் என்று இருந்தால், கூட்டிக் கழித்து வரும் சராசரியால் காணிக்காரருக்கு என்ன பயன்?

போன இடமெல்லாம் பார்த்த இடம் என்றும் சொல்லிவிட முடியாது. எரிந்த வாகனங்களும் தகரத் துண்டுகளும் குவிந்த நிலத்தில் கருவி ஓயாமல் கத்தும்; அந்தச் சத்தத்துக்குள் ஒரு ஷெல்லின் குரலைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் நீளும் கனிம மணலில் காந்தமானிக்குச் சோதனை வேறு வகை. ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல நிலத்தில்கூட ஒரு பொருள் அதன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு ஆழம் வரைதான் தெரியும் என்பது இத்துறையினரின் கைக்கணக்கு. 81 மில்லிமீற்றருக்கு 90 சென்ரிமீற்றர், 40 மில்லிமீற்றருக்கு 44. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தால் உழ இது தாராளமாகப் போதும். கிணறு வெட்டப் போதாது.

விடுபட்டதைக் கணக்கில் எழுதி வைத்த இடமும் உண்டு. ஹவாயின் கஹோலாவே தீவை அமெரிக்கப் படைகள் 1941 முதல் 1990 வரை குண்டு போட்டுப் பழகப் பயன்படுத்தின. பிறகு அந்நாட்டுக் காங்கிரஸ் 40 கோடி டொலர் ஒதுக்க, கடற்படை 2004 வரை துப்புரவு செய்தது. அவ்வளவு பணம் இருந்தும் தீவு முடியவில்லை. ஏறத்தாழ 75 வீத நிலம் மேற்பரப்பில் துப்புரவானது. அதற்குள்ளும் தீவின் 10 வீதமே 4 அடி ஆழம் வரை பார்க்கப்பட்டது. 25 வீதம் தொடப்படவே இல்லை. அங்குள்ள மக்களுக்கு இதில் ஏமாற்றம் உண்டு, நியாயமான ஏமாற்றம். ஆனாலும் எந்தத் துண்டு எந்த வகை என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. யார் எங்கே போகலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். பணம் போதாமல் நின்ற வேலைக்கே அந்தக் கணக்கு இருக்கும்போது, முடிந்ததாகக் கையளிக்கும் காணிக்கு ஏன் இருக்கக்கூடாது?

இதை இப்போதே எழுதுவதற்குக் காரணம் 2028 ஜூன் 1. இலங்கை 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது; அது இங்கே நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து எண்ணும் பத்து ஆண்டுக் கெடு அது. கெடு நெருங்கும்போது ஏக்கர்க் கணக்கை ஏற்றிக் காட்டும் அவசரம் எந்த நாட்டு அலுவலகத்துக்கும் வரும். அந்த உடன்படிக்கை மிதிவெடிக்கானது, ஷெல்லுக்கானது அல்ல. நாடு மிதிவெடியற்றது என்று அறிவிக்கப்பட்ட மறுநாளும் அணையடியில் கிடக்கும் மோட்டார் ஷெல் அங்கேதான் கிடக்கும்.

ஆகவே, கையளிப்புப் பத்திரத்தோடு தடப்பட்டை வரைபடம் ஒன்றையும் இணைக்க நீங்கள் உத்தரவிட வேண்டும். விடுபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் காரணம் இருக்கட்டும்: அணை, பற்றை, தண்ணீர், கம்பி. அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்க் கையால் பார்த்திருந்தால் திகதியையும் போடலாம். பார்க்க முடியாவிட்டால் அந்தத் துண்டைக் கையளிப்பிலிருந்து கழித்துவிடலாம். இரும்புக் குப்பையால் கருவி குழம்பிய இடத்துக்குத் தனி நிறம் வேண்டும்.

தேடும் அணிக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத சில ஷெல்களை முன்கூட்டியே புதைத்து வைத்து, அவை அகப்பட்டனவா என்று சோதிப்பதையும் வழக்கமாக்குங்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஜெபர்சன் புரூவிங் கிரவுண்டில், 1994இல் இப்படிப் புதைத்துப் பார்த்தபோதுதான் அன்றைய கருவிகளும் ஆட்களும் எவ்வளவு விடுகிறார்கள் என்று வெளிச்சத்துக்கு வந்தது. நம் சோதனையில் அவற்றை வெட்டையில் மட்டும் புதைக்காமல் அணையடியிலும் வேலியோரத்திலும் புதைக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தின் ஒரு பிரதி கிராம அலுவலரிடமும் இருக்க வேண்டும். காணி கைமாறும், இன்று கையளிப்புக் கூட்டத்தில் விளக்கம் கேட்டவர் நாளை அங்கே கிணறு வெட்டுபவராக இருக்கமாட்டார். மாதிரித் தாள் ஒன்றை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளன. ஆழ எல்லையை மீற்றரோடு அடியிலும் போட்டிருக்கிறேன், கிணறு வெட்டுபவர்கள் கேட்பது அடிக்கணக்கு என்பதால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.