யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

ராமநாதபுரத்தில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டோம் என்று மாநில அரசு அறிவித்ததும், விவகாரம் முடிந்தது என்று பலர் நிம்மதி அடைந்துவிட்டார்கள். நமக்கு அந்த நிம்மதி வரவில்லை. 2025 மார்ச்சில் ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுத்த அனுமதி ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. இடையில் கழிந்த மாதங்களில், எந்த ஊர்களின் நிலத்தடியில் துளை போடப்போகிறார்களோ அந்த ஊர்களுக்கு ஒரு தகவலும் இல்லை. யாரோ இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால், துளையிடும் இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

அனுமதி கொடுத்தது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அதன் உறுப்பினர்களை மாநில அரசு பரிந்துரைக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கிறது. உறுப்பினர் செயலராக இருப்பவர் மாநில அரசு அதிகாரி. சிக்கல் வந்தால், அது மத்திய அரசு அமைத்த ஆணையம் என்று சென்னை சொல்லும். மாநில ஆணையம்தானே கொடுத்தது என்று டெல்லி சொல்லும். இரண்டு பேருக்கும் வசதியான ஏற்பாடு. ஆணையம் கொடுத்தது அரசுக்கே தெரியாது என்பதை நம்ப வேண்டுமானால், கோட்டையில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் நம்ப வேண்டும்.

அது கிடக்கட்டும். நம் கோபம் வேறு இடத்தில். 20 கிணறுகள். 2 முதல் 3 கிலோமீட்டர் ஆழம். 675 கோடி ரூபாய்ச் செலவு. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒப்பந்தப் பகுதி. இத்தனைக்கும் ஒரே ஒரு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்கூட நடக்கவில்லை. நடத்தத் தவறிவிட்டார்கள் என்றால் அது ஒரு குற்றம், நீதிமன்றத்தில் கேட்கலாம். இங்கே அப்படியும் கேட்க முடியாது. நடத்த வேண்டியதே இல்லை என்று விதியை முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டார்கள்.

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, எண்ணெய் எரிவாயுத் திட்டங்களை 'ஏ' பிரிவில் வைத்திருந்தது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்போடு, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க, வீடியோ பதிவோடு கூட்டம் நடத்த வேண்டும். 2020 ஜனவரி 16-ஆம் தேதி வந்த திருத்தம், ஆய்வுக் கிணறுகளை மட்டும் பிரித்தெடுத்து 'பி2' என்ற பிரிவில் போட்டது. பி2 என்றால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அன்று மாட்டுப் பொங்கல். விவசாயி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நாளில் அவனுடைய வாயை அடைக்கும் காரியம் முடிந்தது. தேதி தற்செயலாகவே இருக்கட்டும்; விளைவு தற்செயல் அல்ல.

கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள். முன்வரிசை முழுக்க வெளியூர் முகங்கள் இருக்கும். எதிர்த்துப் பேசுகிறவர் முறை வரும்போது மைக் மக்கர் பண்ணும். பந்தலைச் சுற்றிப் பந்தலில் இருப்பவர்களைவிட அதிகம் போலீஸ். அப்படியும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அங்கே கேட்ட கேள்வி பதிவாகிறது. பதிவான கேள்விக்கு நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பின்னாளில் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறுகிற சம்சாரிக்கு அந்தக் காகிதம்தான் பிடிமானம். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

தீர்ப்பாயம் என்றதும் இன்னொரு கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் தருவது 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கிடையாது. மார்ச்சில் கையெழுத்துப் போட்டு ஆகஸ்டில் தெரியவந்தால் அந்த 90 நாளும் எங்கே போயிற்று? உத்தரவு எங்களுக்குத் தெரிந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள் ஐயா என்று கெஞ்சி வாதாடுவதிலேயே வழக்கின் பாதி தீர்ந்துவிடும். கேட்காமல் கொடுப்பது ஒன்று. கொடுத்ததைக் கேட்கவும் முடியாமல் செய்வது இன்னொன்று.

'இது வெறும் ஆய்வுதானே, உற்பத்திக்குப் போகும்போது மக்களைக் கேட்போம்' என்பது அவர்கள் கைவசம் உள்ள பதில். தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை இது. 675 கோடியைப் பூமிக்குள் இறக்கி, எரிவாயுவும் கிடைத்துவிட்டபின், ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்களா? அப்படிப் போன நிறுவனத்தை யாராவது காட்டட்டும்.

ஆய்வுக் கிணறு சோதனைச் சாலைக் குழாய் அல்ல. நிலத்தடி நீர் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்குகிற முழுக் கிணறு. அதே சகதி, அதே வேதிக் கழிவு, அதே சிமென்ட் உறை. உறையில் விரிசல் விட்டால் அதே கேடு. 2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியாவின் கிணறு ஒன்று கட்டுமீறிப் பீறிட்டது. ஜூன் 9-இல் தீப்பிடித்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ முற்றாக அடங்க நவம்பர் ஆயிற்று. பக்கத்திலிருந்த மாகுரி சதுப்பு நிலத்தில் மீன்கள் செத்து மிதந்தன. அது உற்பத்திக் கிணறு, இது ஆய்வுக் கிணறு என்று வித்தியாசம் சொல்வார்கள். அடியில் என்ன அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்த கிணற்றுக்கே அந்தக் கதி. தெரிந்துகொள்வதற்காகவே தோண்டுகிற கிணற்றுக்கு எந்த உத்தரவாதத்தை நம்பி விலக்குக் கொடுத்தார்கள்?

ராமநாதபுரம் வறண்ட மாவட்டம், அங்கே என்ன போய்விடப்போகிறது என்ற நினைப்பும் இந்த அலட்சியத்தில் இருக்கிறது. அங்கே கண்மாயை நம்பித்தான் விவசாயம். நாரை பறக்க முடியாத 48 மடை என்று ஊர் பெருமை பேசுகிற ராஜசிங்கமங்கலம் கண்மாய் அங்கேதான் இருக்கிறது. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் பறவைச் சரணாலயங்கள் 2025 பிப்ரவரியில்தான் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு அறிக்கை விட்டு மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே இந்த அனுமதி. குடிதண்ணீரோ திருச்சியிலிருந்து காவிரி நீர் குழாயில் வந்தால்தான் உண்டு. அது வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறார்கள் பெண்கள். அந்த ஊற்று உப்பேறினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண் எழுந்து கேட்டிருப்பார். அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்காகத்தானே கூட்டமே இல்லை.

பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் நீரழுத்த விரிசல் பற்றிய பயமும் இப்படிக் கேட்காமல் கொடுப்பதிலிருந்துதான் கிளம்புகிறது. மீத்தேனும் இல்லை, ஷேல் எரிவாயுவும் இல்லை, பாறையை உடைக்கவும் போவதில்லை என்று ஒவ்வொரு முறையும் மறுக்கிறார்கள். இன்றைய விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் 2016-இல் கொண்டுவந்த ஹைட்ரோகார்பன் கொள்கைப்படி உரிமம் ஒன்றே ஒன்றுதான். எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய ஒப்பந்தக்காரர்களும் தங்கள் பகுதியில் ஷேல் தேடலாம் என்று 2018 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அனுமதித்தது. அதாவது, இன்று என்ன செய்ய மாட்டோம் என்பது வாய்வார்த்தை. நாளை என்ன செய்யலாம் என்பது கையெழுத்தான காகிதம்.

அந்த நாளை எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஏராளமான சாட்சியங்கள் உண்டு. நீரோடு மணலும் வேதிப்பொருள்களும் கலந்து உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும் என்பது அந்நாட்டு நிலவியல் ஆய்வகத்தின் கணக்கு. உள்ளே போனதில் ஒரு பகுதி உப்பும் நச்சும் சுமந்து திரும்பி வரும். குடிநீருக்குப் பரவலான பாதிப்பு இல்லை என்ற தொனியில் 2015-இல் வரைவு அறிக்கை எழுதிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதன் அறிவியல் ஆலோசகர்களே ஆட்சேபித்த பிறகு, 2016 டிசம்பர் இறுதி அறிக்கையில் அந்த முடிவைக் கைவிட்டது. சில சூழல்களில் குடிநீர் ஆதாரங்கள் பாதிக்கப்படலாம் என்று ஒப்புக்கொண்டது. நியூயார்க் மாநிலம் 2014-இல் தடை முடிவை அறிவித்தது. பிரான்ஸ் 2011-லேயே தடுத்துவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவுக்கு நிலம் அதிர்ந்ததும் அரசு நிறுத்தி வைத்தது. 2022-இல் ஒரு பிரதமர் அதைத் திரும்பத் திறந்தார். அடுத்த மாதமே வந்த மற்றொரு பிரதமர் மூடினார். அங்கேயும் அரசியல்வாதிகள் குட்டிக்கரணம் போடுகிறார்கள். ஆனால் ஊர் மக்கள் முகத்தைப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது.

இங்கே அந்தக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டருக்கு மீத்தேன் ஒப்பந்தம் போட்டார்கள். 2011 ஜனவரியில் மாநில அரசும் கையெழுத்திட்டது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அந்த வாயு மேலே வரும் என்பதைக் காவிரிப் படுகை விவசாயிக்கு எந்த அதிகாரியும் போய்ச் சொல்லவில்லை. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரைப் போன்றவர்கள் ஊர் ஊராக நடந்து சொன்னார்கள். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அவர் உயிர் பிரிந்தது. நிபுணர் குழு வைத்து, யோசித்து, 2015-இல் தடை அறிவித்தார்கள். கையெழுத்துக்கு முன் கேட்டிருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கக்கூடிய பதில் அது.

பாடம் படித்தார்களா? 2017 பிப்ரவரி 15 அன்று நெடுவாசலையும் சேர்த்து ஹைட்ரோகார்பன் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நெடுவாசல் மக்கள் அதைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள், மறுநாளே போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மக்களுக்குப் பிடிக்காதது வராது என்று உறுதி சொல்லி எழுப்பி அனுப்பிவிட்டு, மார்ச் முடிவதற்குள் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தபோது, ஆட்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்ட ஜனங்களுக்குத் தடியடி கிடைத்தது. வழக்கு, சிறை. பிறகு 2021-இல் மீத்தேன் எதிர்ப்பு வழக்குகளை வாபஸ் பெறுகிறோம் என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு, மேசை தட்டல்.

2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவுக்கென்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. திருச்சி, அரியலூர், கரூர் விட்டுப்போயின. ஏற்கெனவே நடக்கிற திட்டங்களுக்கும் விதிவிலக்கு. ராமநாதபுரம் பேச்சிலேயே இல்லை, டெல்டா இல்லையே! டெல்டாவில் கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று அன்றைக்கே சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2021-இல் ஹைட்ரோகார்பன் பாதிப்பை ஆராய சுல்தான் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்த அறிக்கையை வெளியிடுங்கள் என்று விவசாய அமைப்புகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்பதற்கு என்ன, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்கிறோம் என்பதும் உண்மை. வழுதூரில் உள்ளூர் எரிவாயுவில் மின்சாரம் எடுப்பதும் நமக்குத் தெரியும். அதையெல்லாம் ஊர் நடுவில் வந்து சொல்வதில் என்ன தயக்கம்? நியாயம் தங்கள் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பந்தல் போட்டுப் பேசுவார்கள்.

ஆக, இந்த ஓர் அனுமதியை ரத்து செய்வதோடு எதுவும் தீராது. அடுத்த விண்ணப்பமும் இதே வழியாக, இதே மௌனத்தில் உள்ளே போய் வெளியே வரும். 2020 திருத்தம் போக வேண்டும். அதற்கு மாநிலம் டெல்லியோடு மல்லுக்கட்ட வேண்டும்; ஆணையத்தில் உட்கார்பவர்களும் மனது வைக்க வேண்டும். மக்களைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத் திருத்தமோ, தனிச் சட்டமோ, எந்த வடிவிலும் வரட்டும். உருப்படியான ஒன்றாக வந்தால் சரி. தொலைக்காட்சி முன்னால் நின்று 'ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம்' என்று சொல்வது அந்த வடிவங்களில் ஒன்றல்ல. அமைச்சர் விடுகிற அறிக்கையால் எந்த உத்தரவும் ரத்தாவதில்லை. கொடுத்தவர்கள் எழுத்தில் ரத்து செய்தால்தான் உண்டு.

ராமநாதபுரம் மாவட்டத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபை கூடும்போது ஒரு தீர்மானம் எழுதுங்கள். திட்டம் வேண்டும், வேண்டாம் என்பது பிறகு. எங்களை யாரும் கேட்கவில்லை என்று தேதி போட்டு, கையெழுத்திட்டு, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை தீர்ப்பாயத்தில் அது தேவைப்படும்.